பலா இலைக் குணுக்கு

என் ஓர்ப்படிக்குச் சீட்டைப் பிடிக்கக்கூடத் தெரியாது. எட்டுச் சீட்டை ஒரு கையில் விசிறி மாதிரி விரிக்கச் சொன்னால் நாலு தரையில் விழும், மிச்சம் நாலு எதிராளிக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவள் எங்கள் மாமனாரின் சீட்டாட்டத்தை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போனாள் என்றால் யார் நம்புவார்கள்? என் கண் முன்னாலேயே நடந்தது. பொறாமையில்லாமல் இதை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுத்து ஓடவில்லை. ஆகையால் இருக்கிறது இருக்கிறபடி எழுதிவிடுகிறேன்.

கரமனையில் எங்கள் வீட்டுக்கு நான் கல்யாணமாகி வந்தபோது அங்கே மூன்று ஆண்கள் இருந்தார்கள். மாமனார், என் கணவர், கணவரின் தம்பி. மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மூன்று பேரும் சமையலறையை எனக்கு விட்டுக்கொடுத்த வேகத்தைப் பார்த்தால் அதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த உண்மையான இடம் சமையலறை அல்ல. கூடத்தில் ஒரு பழைய பாய், அதில் மாமனாருக்கு எதிர்ப்பக்கம்.

இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் தெரியாதவர்களை இந்த ஊரில் பார்ப்பது அரிது. நான்கு பேர் ஆடவேண்டும். எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு கட்சி. ஏலம் எடுத்தவர் துருப்புச் சீட்டை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைத்துவிடுவார். அது என்னவாக இருக்கும் என்று மற்ற மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டே ஆடவேண்டும். இதில் ராஜா ராணிக்கெல்லாம் மரியாதை கிடையாது. குலான் என்று இங்கே சொல்கிற ஜாக்கிதான் எல்லாருக்கும் பெரியவன், அவனுக்கு அடுத்தது ஒன்பது.

வந்த புதிதில் ஒரு நாள் ஆட்டத்துக்கு ஆள் குறைந்தது. "நீ உக்காரு கொழந்தே" என்றார் மாமனார். எங்கள் நாகர்கோவில் வீட்டில் நான் சித்தப்பாக்களோடு ஆடி வளர்ந்தவள் என்பது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் குணுக்கு போட்டோம். குணுக்கு என்றால், சுற்று முழுவதும் தோற்ற கட்சிக்காரர்கள் காதில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டிய தோடு. எங்கள் வீட்டில் அது பலா இலை. கொல்லைப்புறத்து மரத்திலிருந்து பறித்து, காம்பை வளைத்துக் காதில் மாட்டிவிடுவது வழக்கம். கட்சியில் ஒருவர் மட்டும் போட்டுக்கொண்டு இன்னொருவர் தப்பிக்க முடியாது, இரண்டு பேரும் போட்டே ஆகவேண்டும். என் கணவர் பெரிய கம்பெனியில் அதிகாரி. அவர் காதில் பலா இலையோடு உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த வீடு என் வீடு என்று பட்டது.

அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் எனக்கென்று ஆனது. சாலை பஜாரில் ஓர் அரிசி மொத்தக் கடையில் எனக்குக் கணக்கு வேலை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, விளக்கேற்றி, சாதத்தை இறக்கி வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தால் எந்தச் சீட்டு விழுந்தது, எது பாக்கி என்பது எனக்குத் தானாகவே மனசில் நிற்கும். மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: "எனக்கு ரெண்டு பிள்ளைகள். ஆனா பார்ட்னர் ஒருத்திதான் கேட்டேளா."

இன்னொன்றும் எனக்குத் தெரியும், அதை யாரிடமும் சொன்னதில்லை. கையில் குலான் இருந்தால் மாமனார் கண்ணாடியை மூக்கின் மேல் ஒரு தரம் ஏற்றிவிடுவார். சும்மா ஒரு விரலால், தன்னை அறியாமல். இத்தனை வருஷம் கூடவே இருந்த பிள்ளைகள் கவனித்ததில்லை. நான் இரண்டாம் வாரமே கவனித்துவிட்டேன். கவனிப்பது தப்பு என்று ஆட்டத்தில் எந்த விதியும் இல்லை.

பிறகு அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் காபி டம்ளரில் தெரிந்தது, அப்புறம் கையெழுத்தில், கடைசியில் சீட்டில். பிடித்த சீட்டு நிற்காது. ஒரு நாள் எட்டுச் சீட்டும் பாயில் மல்லாந்து விழுந்து, அவர் கை என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. என் கணவர் சீட்டை நிறுத்தி வைக்க ஒரு மரச்சட்டம் செய்து வாங்கி வந்தார். "நான் என்ன கைக்கொழந்தையா?" என்று மாமனார் அதைத் தள்ளி வைத்துவிட்டார். நான் உங்கள் சீட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். "அப்போ நீயே ரெண்டு பக்கமும் ஆடு" என்று எழுந்து போய்விட்டார். அதோடு பாயைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் நிறுத்தினோம். மாமனார் சாயங்காலமானால் டிவி முன்னால் உட்கார்ந்து யாரோ யாரையோ திட்டுகிற செய்தி விவாதங்களைப் பார்க்கத் தொடங்கினார். என்னோடு பேசுவதும் குறைந்தது. பேசுவதற்கு எங்களிடம் சீட்டைத் தவிர வேறு என்ன இருந்தது?

இந்தச் சமயம் பார்த்துத்தான் மச்சினருக்குக் கல்யாணம் நடந்து ஓர்ப்படி வந்து சேர்ந்தாள்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஐடி கம்பெனியில் வேலை. வீட்டில் தமிழ், மற்ற எல்லாவற்றுக்கும் மலையாளம். சாம்பாருக்குப் புளி கரைக்கத் தெரியாது. அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் கிடையாது. நான் மாமனாரை "அப்பா" என்று கூப்பிட வாய் வர ஒரு வருஷம் ஆனது. இவள், நாங்கள் பெண் பார்க்கப் போன அன்றைக்கே "அப்பா, காப்பிக்கு மதுரம் போறுமா?" என்று கேட்டாள். அவர் சொக்கிப் போய்விட்டார். சர்க்கரையைச் சர்க்கரை என்று சொல்லத் தெரியாத பெண்ணிடம் என்னத்தைக் கண்டாரோ. வந்த கொஞ்ச நாளில் டிவியை அணைத்துவிட்டு அவரோடு உட்கார்ந்து வம்படிக்கத் தொடங்கினாள். சமையலறையில் இருந்தபடி நான் அவர் சிரிப்பதைக் கேட்டேன். எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

அவருக்குச் சீட்டின் மேல் இருந்த ஆசையை அவள்தான் வாயைக் கிண்டித் தெரிந்துகொண்டாள். முதலில் தன் போனில் இருபத்தெட்டு ஆட்டத்தை இறக்கிக் கொடுத்தாள். கண்ணாடித் திரையில் நடுங்குகிற விரல் பட்டால் ஒரு சீட்டுக்குப் பதில் மூன்று போய் விழுந்தது. அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதோடு விட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன். மறுநாள் அவள் மச்சினரின் அலமாரியைக் கவிழ்த்து, அவர் காலேஜ் நாளில் வாங்கிய கையடக்க கேம் பெட்டி ஒன்றை வெளியே எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தி ஆடுகிற சாமான்.

"பட்டன் நல்ல கட்டியாக்கும், மன்னி. அமுக்கினாத்தான் போகும். கை விறைச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று என்னிடமே வந்து காட்டினாள். விறைப்பது என்றால் அவள் மலையாளத்தில் நடுங்குவது. இரண்டு கையும் பெட்டியைச் சேர்த்துப் பிடிப்பதால் நடுக்கமும் பாதியாகக் குறைகிறதாம். நியாயமான யோசனை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று முழுக்க என் மேலேயே கோபமாக இருந்தது.

ஆனால் அந்தப் பெட்டியில் இருபத்தெட்டு கிடையாது. செய்த கம்பெனி விற்ற ஆட்டங்களைத் தவிர வேறு எதையும் அது உள்ளே விடாது. சாப்பாட்டு நேரத்தில் மாமனாருக்கு அவள் விளக்கினாள்: "இதுக்குள்ளே ஃபர்ம்வேர்னு ஒண்ணு இருக்கு அப்பா. காவல்காரன்னு வெச்சுக்கோங்கோ. கம்பெனி வெச்ச காவல்காரன் நம்ம ஆட்டத்தை உள்ளே விட மாட்டான். அவனை மாத்திட்டு நம்ம ஆளை நிறுத்தணும். கஸ்டம் ஃபர்ம்வேர். அப்புறம் நாம எழுதின ஆட்டம் எதை வேணா போடலாம்."

"ரிஸ்க் ஒண்ணும் இல்லையே?" என்றார் மாமனார்.

"பாதியிலே கரண்ட் நின்னா மட்டும் பெட்டி செத்துப்போகும். பழையவன் போயாச்சு, புதியவன் வந்து சேரலைன்னா வாசல் திறக்க ஆள் இல்லையே."

நான் ரசத்தைப் பரிமாறினேன். எனக்கு அந்தப் பழைய காவல்காரன் மேல் ஏனோ ஒட்டுதலாக இருந்தது.

பழைய பேட்டரி சார்ஜ் நிற்காமல் போயிருந்ததால் தம்பானூரில் ஒரு மொபைல் கடையில் புதிது வாங்கி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பிலிருந்து என்னென்னவோ மெமரி கார்டில் ஏற்றினாள். பேட்டரி முழுக்க ஏறட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்றாள். மாமனார் எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ளே ஆரம்பிச்சுடு."

"ஆறு மணிக்கு மேலே பண்ணட்டுமா அப்பா?"

"ஆறு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் ரிசப்ஷனுக்குப் போகணுமே. நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. இன்னிக்கு விட்டா புதனாக்கும். அது வரைக்கும் என்னாலே இருக்க முடியாது. பரஸ்தானம் வைக்கறாப்பல வெச்சுடலாம். ஆரம்பிச்சு வெச்சாப் போறும், முடியறது எப்போ வேணா முடியட்டும்."

பரஸ்தானம் என்பது எங்கள் தெருவில் இன்னும் நடக்கிற விஷயம். பிரயாணத்துக்கு நாள் சரியில்லையென்றால், நல்ல நேரம் இருக்கும்போதே பெட்டியை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். கிளம்பியாயிற்று என்று கணக்கு. அப்புறம் ராகுகாலத்தில் வாசற்படி தாண்டினாலும் தோஷம் இல்லை. என் கணவர் துபாய் மீட்டிங்குக்குக்கூட எதிர்வீட்டில் பெட்டியை வைத்துவிட்டுத்தான் போனார். பெட்டிக்குச் சரி, பேட்டரிக்கு இது செல்லுமா என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. கம்ப்யூட்டர் படித்தவளும் யோசிக்கவில்லை. புது மாட்டுப்பெண் இல்லையா, மாமனார் சொல்லைத் தட்ட மனசு வரவில்லை. பேட்டரி முக்கால் காட்டியது. சார்ஜர் பின் கொஞ்சம் லொடலொட என்று இருந்தது. இருந்தாலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அதோடு நிறுத்தினாளா? "அப்பா, பெரியவா கையாலே ஆரம்பிக்கணும். நீங்களே அமுக்குங்கோ" என்று பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வயிற்றெரிச்சல் உச்சத்தில் இருந்த நிமிஷம் அதுதான் என்று சொல்லலாம். எனக்கு ஒரு நாளும் அவரிடம் இப்படி நைச்சியமாக நடந்துகொள்ள வராது.

மாமனார் சாமியை நினைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். திரையில் ஒரு கோடு மெல்ல நிரம்பத் தொடங்கியது. கீழே வைத்தால் என்ன ஆகுமோ என்று பயந்து பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பயத்தில் நடுக்கம் அதிகமாயிற்று. "இப்படிக் குடுங்கோ அப்பா" என்று அவள் கையை நீட்டுவதற்குள் சார்ஜர் பின் கழன்று தொங்கியது. பரவாயில்லை, பேட்டரி இருக்கிறது என்றாள். முக்கால் என்று காட்டிய அந்தப் புதுப் பேட்டரி வாயைத் திறக்காமல் படுத்துவிட்டது. கோடு பாதியில் நின்றது. திரை கறுத்தது. அவள் பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தாள். பச்சை விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது, அவ்வளவுதான்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

மச்சினர் தன் பெண்டாட்டியிடம் சீறினார். "வேண்டாத வேலைன்னு அப்பவே சொன்னேனே? இத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருந்தேன்."

"அவளை ஒண்ணும் சொல்லாதேடா. என் கைதான்" என்றார் மாமனார்.

இதைக் கேட்டதும் மறுபடியும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை யாராவது திட்டியபோது அவர் இப்படிக் குறுக்கே வந்து பேசியதாக ஞாபகம் இல்லை. அந்த வீட்டில் என்னை யாரும் திட்டினதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தேன். இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார், தப்பு செய்த குழந்தை மாதிரி. பால் வார்த்த குளிர்ச்சி எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஓர்ப்படி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவளைப் பிடித்திருக்கும். ரிசப்ஷனுக்குப் போகிற பட்டுப்புடவையோடு லேப்டாப் முன் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தாள். செத்த பெட்டியை எழுப்ப ஒரு வழி இருக்கிறது என்றாள். கம்பெனி பேட்டரிக்குள் ஒரு சின்ன சிப் இருக்குமாம். அதன் ஒரு காலை வெட்டிவிட்டால், ரிப்பேர்காரர்கள் போடுகிற பேட்டரி என்று பெட்டி அதை நினைத்துக்கொள்ளுமாம். நினைத்துக்கொண்டு, காவல்காரனைத் தேடாமல் நேராக மெமரி கார்டிலிருந்து எழுந்துவிடுமாம். ஆனால் கடையில் வாங்கிய புதுப் பேட்டரியில் அந்தச் சிப் இல்லை. கம்பெனியின் பழைய பேட்டரிதான் வேண்டும்.

"அதை நான் அன்னிக்கே குப்பையிலே போட்டாச்சே" என்றார் மச்சினர்.

போட்டார்தான். எடுத்தவள் நான். பேட்டரியைக் குப்பையில் போடக்கூடாது என்று எடுத்து, டார்ச் செல், உடைந்த கடிகாரம் எல்லாம் போட்டு வைக்கிற பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்தேன். டின் பரணில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் ரிசப்ஷனுக்குப் போனார்கள், நான் பாத்திரம் தேய்த்தேன்.

மறுநாள் காலையில் மாமனாருக்குக் காபி கொடுத்தேன். அரை டம்ளர்தான் கொடுப்பது, அதற்கு மேல் சிந்திவிடும். குடித்துவிட்டுச் சொன்னார்: "கொழந்தே, அந்தப் பழைய பேட்டரி. ஒன்னைக் கேக்காம இந்த ஆத்துலேருந்து ஒரு சாமானும் வெளியிலே போகாதே?"

பல மாதங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் விஷயம். அதுவும் எதற்காகக் கேட்டார் பாருங்கள். ஸ்டூலைப் போட்டு ஏறி டின்னை இறக்கினேன். பேட்டரியைத் துடைத்து அவர் மடியில் வைத்தேன். என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொள்கிறேன் என்று தெரிந்தேதான் வைத்தேன்.

புதன்கிழமை, ராகுகாலம் எல்லாம் கழிந்து, அவள் அந்தப் பேட்டரியின் மேல் உறையைப் பிளேடால் உரித்தாள். உள்ளே எறும்பு மாதிரி ஒரு சிப். அதன் ஒரு காலை ஊசிமுனையால் நெம்பி வெட்டினாள். நான் கதவருகில் நின்றேன். தப்பாக வெட்டிவிட வேண்டும் என்று நினைத்தேனா, சரியாக வெட்ட வேண்டும் என்று நினைத்தேனா, இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. சார்ஜரை மாட்டிவிட்டுப் பேட்டரியைச் செருகியதும் பெட்டி தானாகவே விழித்துக்கொண்டது. திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடின. இந்தத் தடவை பெட்டி மேஜை மேல் இருந்தது, சார்ஜர் பின்னை அவள் பிடித்துக்கொண்டாள். பிறகு பளிச்சென்று முகப்பு வந்தது. மாமனார் கைதட்டினார். நடுங்குகிற கைகள் சேர்ந்தும் சேராமலும் தட்டின.

யாரோ எழுதி இணையத்தில் போட்டிருந்த இருபத்தெட்டு ஆட்டத்தை இந்தப் பெட்டிக்கு ஏற்ற மாதிரி மாற்றி அதில் ஏற்றினாள். மாமனார் ஒருவர் ஆடுவார், மற்ற மூன்று பேருக்கும் பெட்டியே ஆடும். அவர் விரல்களிலிருந்து இனிச் சீட்டு விழவில்லை. பழையபடி நேராக உட்கார்ந்தார். சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது வாசலிலேயே பட்டன் சத்தம் கேட்கும். பாய் அலமாரிக்குப் பின்னாலேயே இருந்தது.

ஆனால் கொஞ்ச நாளில் அவருக்கு எரிச்சல் வந்தது. எனக்கு ஓர் ஆறுதல். "என் பார்ட்னருக்கு ஒண்ணும் தெரியலையே! ஒம்பதை முன்னாடியே எறியறான். துருப்பு என்னன்னு யோசிக்கறதே இல்லை." அதோடு நிறுத்தியிருக்கலாம். சின்ன மாட்டுப்பெண்ணைக் கூப்பிட்டு, "ஒன் மன்னி ஆடறாப்பல ஆடச் சொல்லு இதை" என்றார்.

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மன்னி, கையிலே ஒம்பது இருக்கு, குலான் இன்னும் விழலை. என்ன பண்ணுவேள்?"

"பிடிச்சு வெச்சுப்பேன்."

"எப்போ வரைக்கும்?"

"குலான் யார் கையிலே இருக்குன்னு தெரியற வரைக்கும். அப்பா கையிலே இருந்தா, அவர் அதை இறக்கற சுற்றுலே ஒம்பதைச் சேத்துப் போட்டுடலாம். நமக்குத்தானே புள்ளி?"

"அப்பா கையிலே இருக்குன்னு எப்படித் தெரியும்?"

கத்தி நின்றது. மூக்கின் மேல் ஏறும் கண்ணாடி என் கண் முன்னால் வந்தது. அவள் விரல் தட்டத் தயாராக இருந்தது. அவளிடம் சொன்னால் போதும், அதற்கும் ஏதாவது வழி கண்டுபிடித்துவிடுவாள். இந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"தெரியும்" என்றேன்.

"அதை நான் எப்படி எழுதறது?"

"விழுந்த சீட்டை வெச்சுக் கணக்குப் போட்டுக்கச் சொல்லு."

மற்றதெல்லாம் சொல்லிவிட்டேன். ஏலத்தில் எப்போது ஏறுவேன், எப்போது விடுவேன், எந்த இனத்தை முதலில் இறக்குவேன், துருப்பை எப்படி மோப்பம் பிடிப்பேன், எல்லாம். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "மன்னி, நீங்க புலியாக்கும்!" என்றாள். பாராட்டு இனிக்கத்தான் செய்தது. பிடிக்காதவர்கள் பாராட்டினாலும் இனிக்கும் போலிருக்கிறது.

அடுத்த வாரம் பெட்டியில் என்னை உட்காரவைத்தாள். திரையில் மாமனாருக்கு எதிர்ப்பக்கத்தில் "மன்னி" என்றே எழுதியிருந்தது.

அதற்கு அப்புறம் நான் பட்டதை எப்படிச் சொல்ல? நான் அடுப்படியில் தாளித்துக்கொண்டிருப்பேன். கூடத்தில் மாமனார், "சபாஷ்டி கொழந்தே!" என்பார். கையில் கரண்டியோடு திரும்பிப் பார்ப்பேன். என்னை அல்ல. "அப்படிப் போடு! பிடிச்சு வெச்சிருந்தே பாத்தியா?" என்பார். பிடித்து வைத்திருந்தது நான்தான், ஆனால் நான் அல்ல. இத்தனை நாள் ஓர்ப்படி மேல் பொறாமைப்பட்டேன், அதிலாவது ஓர் அர்த்தம் இருந்தது. இப்போது என் பெயரில் ஒருத்தி சமைக்காமல், துவைக்காமல், சாலைக் கடைக்குப் போகாமல் நாள் முழுக்க அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, என் மூளையை வைத்தே அவரிடம் சபாஷ் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்து உலுக்கலாம் போல இருக்கும். ஜெயிக்கிற நாளில் மாமனார் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஜெயித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கூடத்தில் பட்டன் சத்தம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. நாற்காலி தள்ளுகிற சத்தம், பிறகு கொல்லைக் கதவு திறக்கிற சத்தம். கீழே விழுந்துவிடப் போகிறாரே என்று அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் அவரே சமையலறை வாசலில் வந்து நின்றார். இடது காதில் பலா இலை தொங்கிக்கொண்டிருந்தது. கையில் இன்னொன்று.

"இப்படி வா" என்றார்.

"என்னப்பா?"

"தோத்துட்டோம். திரும்பு, போட்டு விடறேன்."

"நான் எங்கே ஆடினேன்?"

"பின்னே யாரு? ஒன் பேருன்னா போட்டிருக்கு? தோத்தா ரெண்டு பேரும் போட்டுக்கணும். அதுக்குக் காது இல்லை. ஒனக்கு இருக்கே."

எனக்குக் கோபம் வந்தது. ஜெயித்ததெல்லாம் அவளுக்கு, தோற்றது மட்டும் எனக்கா? "சபாஷ் எல்லாம் அதுக்கு, இலை எனக்கா?" என்று கேட்டே விட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் காம்பை என் காதில் மாட்டப் பார்த்தார். கை நடுங்கியது. காம்பு கன்னத்தில் கீறியது, கழுத்தில் குத்தியது, மறுபடி கன்னத்தில். நானே வாங்கி மாட்டிக்கொண்டிருக்கலாம். அசையாமல் நின்றேன்.

கடைசியில் ஒரு வழியாக இலை மாட்டிக்கொண்டது. அவர் என் முகத்துக்கு அருகில் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கடைசிக் கையிலே குலான் என்கிட்ட இருந்துது. அது பாட்டுக்கு ஒம்பதைத் தூக்கி வேற பக்கம் போட்டுடுத்து. நான் ரெண்டு தரம் கண்ணாடியை ஏத்தி விட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை."

தன்னை அறியாமல் செய்கிறார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நான் பார்க்க வேண்டும் என்று எனக்காகவே ஒவ்வொரு தரமும் ஏற்றியிருக்கிறார். நான் பார்ப்பதும் அவருக்குத் தெரியும். ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை.

"அது பாக்காது அப்பா" என்றேன்.

"அதான் சொல்றேன். நாளைக்குப் பாயை எடுத்துப் போடு. அந்த மரச்சட்டம் எங்கே வெச்சிருக்கே?"

"பரண்லே இருக்கு."

அதற்குள் ஓர்ப்படி ஓடி வந்துவிட்டாள். எங்கள் இருவர் காதிலும் இலையைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "என்ன அப்பா, எந்தக் கண்ணாடி? ஆட்டத்திலே ஏதாவது தப்பா? நான் மாத்திடட்டுமா?" என்று கேட்டாள். மாமனார் என்னைப் பார்த்தார். நான் குழம்பைக் கிளறினேன்.

"ஒண்ணும் இல்லை, கண்ணாடி வழுக்கறது" என்றார்.

"அப்போ எனக்கும் ஒரு குணுக்கு குடுங்கோ அப்பா. நானும் போட்டுக்கறேன்."

அவர் கொல்லைப் பக்கம் திரும்பப் போனார். நான் விடவில்லை.

"ஒனக்குக் கிடையாது. தோத்தவாளுக்கு மட்டும்தான்" என்றேன்.

அன்றைக்கு எல்லாருக்கும் நான்தான் பரிமாறினேன். என் கணவர் இலையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். காம்பு காதுக்குப் பின்னால் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் கழற்றவில்லை.